காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் முரணையும் அந்நியமாதலையும் வகுப்பில் எப்படிக் கற்பிப்பது?

இந்தக் கதையைப் பாடமாக நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'அந்நியமாதல்' (மனிதன் தன்னிடமிருந்தும் பிறரிடமிருந்தும் விலகிப்போவது) என்ற சொல்லை முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதாதீர்கள். எழுதினால், மாணவர்கள் கதையை விட்டுவிட்டு அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு தேடத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கதை நாயகன் கிரகோர் சாம்சாவின் அறையை வரையுங்கள். ஒரு ஜன்னல், மூன்று கதவுகள். அவன் பூச்சியாக விழித்த காலையில் அம்மா ஒரு கதவைத் தட்டுகிறாள், அப்பா இன்னொன்றை, தங்கை கிரேட்டா மூன்றாவதை.

மூன்றும் உள்ளே பூட்டியிருக்கின்றன. சொந்த வீட்டில் ஒருவன் ஏன் எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொண்டு தூங்க வேண்டும்? துணி விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகப் போய்வந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார் காஃப்கா. இந்த இடத்தில் நிறுத்தி, பேசாமல் காத்திருங்கள். அவன் விலகிப்போனது உடல் மாறிய பிறகல்ல என்பதை யாராவது ஒரு மாணவர் தானே கண்டுபிடித்துச் சொல்வார். அன்று மாலைக்குள் சாவிகள் கதவுகளின் வெளிப்பக்கத்துக்குப் போய்விடுகின்றன. இப்போது பூட்டு திறந்திருந்தும் உள்ளே வர ஆளில்லை.

அடுத்து, அவன் எதற்கு அஞ்சுகிறான் என்று கேளுங்கள். தன் கால்களைப் பார்த்தா? ஐந்து மணி ரயில் போய்விட்டது, முதலாளி என்ன சொல்வார், பெற்றோரின் கடன் இன்னும் அடையவில்லை என்பவைதான் அவன் கவலைகள். ஐந்து ஆண்டுப் பணியில் ஒருமுறைகூட நோயில் படுக்காதவன் அவன். சற்றுத் தாமதமானதும் நிறுவனத்தின் தலைமை எழுத்தரே வீடு தேடி வந்துவிடுகிறார்.

முரணைக் கற்பிக்கும்போது 'மனிதனும் சமூகமும்', 'மனிதனும் அவன் மனமும்' என்று பட்டியல் போடும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தப் பட்டியலில் அடங்காத ஒரு காட்சி இரண்டாம் பகுதியில் இருக்கிறது. கிரகோர் சுவர்களில் ஊர்ந்து திரிய வசதியாக அறைக்கலன்களை அகற்ற நினைக்கிறாள் கிரேட்டா. அப்படி அகற்றுவது, அவன் மனிதனாக மீண்டுவருவான் என்ற நம்பிக்கையைக் கைவிட்டதாகிவிடும் என்கிறாள் அம்மா. இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். கிரகோருக்கோ இரண்டும் வேண்டும்: ஊர இடமும் வேண்டும், மனிதனாக வாழ்ந்த அறையும் வேண்டும். எல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது சுவரில் மாட்டிய படத்தின் மேல் ஏறி ஒட்டிக்கொள்கிறான். அதைக் கண்ட கிரேட்டா முஷ்டியை உயர்த்தி அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். உருமாறிய பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசும் முதல் சொற்கள் அவை. ஒரு முழு வகுப்பையும் இந்தக் காட்சிக்கே கொடுங்கள். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று விவாதிக்க விடுங்கள். தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள்.

அதன் பிறகு அப்பா கிரகோர் மீது வீசும் ஆப்பிளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அது தானே பேசும்.

கோட்பாடு கடைசியில் வரட்டும். உழைப்பு மனிதனை அவனிடமிருந்தே பிரிப்பதைப் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் படிகள் 1932இல்தான் முழுமையாக அச்சேறின. காஃப்கா 1912இல் இந்தக் கதையை எழுதினார், 1915இல் வெளியானது, 1924இல் அவர் இறந்துவிட்டார். இந்தக் கதைக்கு அந்தப் படிகளில் மூலம் தேடிப் பயனில்லை. பிராக் நகரின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர்; மரம் இழைக்கும் இயந்திரங்கள் தொழிலாளர்களின் விரல்களைப் பறிப்பதைத் தடுக்கும் வழிகளைப் பற்றி அலுவலக அறிக்கை எழுதியவர். உழைக்க முடியாத உடலுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி அவருடைய மேசைக்குத் தினமும் வந்துகொண்டிருந்தது. இதைச் சொன்ன பிறகு அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதலாம்.

மாணவர்கள் பூச்சியின் படத்தை வரைந்துவருவார்கள். அட்டையில் பூச்சியைத் தொலைவில்கூடக் காட்டக் கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதியிருந்ததைச் சொல்லி, கதவிடுக்கு வழியே அவனுக்குத் தெரியும் குடும்பத்தை வரையச் சொல்லுங்கள்.

எழுத்துப் பயிற்சியாக மூன்றாம் பகுதியைக் கொடுங்கள். இது உண்மையில் கிரகோராக இருந்தால் தானாகவே போயிருக்குமே என்கிறாள் கிரேட்டா. பதினேழு வயதில் கடை வேலைக்குப் போய்க்கொண்டு, அத்தனை நாள் அவனுக்கு உணவு வைத்தவளும் அவள்தான். அவள் சார்பில் ஒரு பக்கம், அவளுக்கு எதிராக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதித் தருபவருக்கு மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.