வில்கபாம்பாவின் வயது

அன்புள்ள ஐயா,

ஈக்வடாரில் வில்கபாம்பா என்றொரு பள்ளத்தாக்கு, அங்கே நூற்றிருபது வயதுக்காரர்கள் சர்வசாதாரணம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மலைக்காற்றும் ஆற்றுத்தண்ணீரும்தான் காரணமாம். வாழும் மண் ஒருவரின் ஆயுளைத் தீர்மானிக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் காணொளி ஐம்பது வருஷம் பிந்தி வந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் லீஃப் என்ற ஹார்வர்டு மருத்துவர் அங்கே போய்வந்து எழுதியதைப் பலரும் நம்பினார்கள். சில வருஷம் கழித்து மறுபடி போனால், முன்பு பார்த்த பெரியவருக்கு இடையில் ஓடிய வருஷங்களைவிட அதிகமாக வயது ஏறியிருந்தது! அப்புறம் மாசெஸ், ஃபோர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1979இல் வந்த அவர்களுடைய கட்டுரைப்படி ஊரில் நூறைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. இருந்தவர்களில் மூத்தவருக்கு 96. எழுபதை நெருங்கியதும் வயதைக் கூட்டிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். உறவுக்குள் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பதால் ஒருவரின் பதிவு இன்னொருவர் கணக்கில் சேர்ந்துவிடும். வயதுக்கு மரியாதை தரும் ஊரில் யார்தான் குறைத்துச் சொல்வார்கள்?

சரி, எல்லாமே கதையா என்றால், இல்லை. இத்தாலியின் சார்டினியாத் தீவில், உள்ளே இருக்கும் மலையூர்களில், பதிவேடுகளைச் சலித்துப் பார்த்த பிறகும் நூறு வயதுக்காரர்கள் மிஞ்சினார்கள். மிஷேல் பூலானும் ஜியானி பெஸ்ஸும் இன்னும் சிலரும் 2004இல் இதை எழுதினார்கள். வரைபடத்தில் அந்த ஊர்களை நீல மையால் குறித்ததில் வந்ததுதான் ‘நீல மண்டலம்’ என்ற பெயர். பொதுவாக நூறைத் தொடுபவர்களில் பெண்களே மிக அதிகம். இங்கே ஆண்கள் ஏறக்குறைய சமமாக நிற்கிறார்கள். காலமெல்லாம் மேட்டிலும் பள்ளத்திலும் ஆடு மேய்த்தவர்கள். சரிவு கூடிய ஊர்களில் ஆண்கள் அதிக காலம் வாழ்வதாகப் பிந்திய ஆய்வொன்றும் சொல்கிறது. காற்றைவிட முழங்காலுக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்று எனக்குப் படுகிறது.

ஒகினாவாவைப் பாருங்கள். ஆயுளுக்குப் பேர்போன அந்தத் தீவு, 2000ஆம் ஆண்டுக் கணக்கில், ஆண்களின் சராசரி ஆயுளில் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கியது. கடலும் வெயிலும் அதேதான். சர்க்கரைவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர்களுக்குப் பின், அமெரிக்க ராணுவ முகாம்களோடு வந்த ஹாம்பர்கரையும் டின் இறைச்சியையும் தின்று காரில் போகும் தலைமுறை வந்திருந்தது.

வில்கபாம்பாவில் இப்போது அமெரிக்காவிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். பிறப்புச் சான்றிதழோடு வந்திருப்பார்கள். அவர்கள் வயதையாவது சரியாக எண்ணலாம்.