கூப்பிட்டால் வராத நாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 19 வயது. வேறொரு வீட்டில் வளர்ந்த நான்கு வயது நாயை மூன்று மாதங்களுக்கு முன் எடுத்து வந்தேன். வீட்டுக்குள் சொன்னதைக் கேட்கிறது. வெளியே அவிழ்த்துவிட்டால் எத்தனை முறை கூப்பிட்டாலும் வருவதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் ஓடுகிறது. அப்பா அதட்டினால் மட்டும் அடங்குகிறது. நான் சின்னப் பெண் என்பதால் அது மதிப்பதில்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ‘அது உன்னை ஆளப் பார்க்கிறது. மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடி, யார் தலைவர் என்று புரிந்துகொள்ளும்’ என்றார். செய்து பார்த்தேன், உறுமியது. வளர்ந்த நாயைப் பழக்கவே முடியாதா? தின்பண்டம் கொடுத்துப் பழக்குவது லஞ்சம் ஆகாதா?

க.

அன்புள்ள க.,

‘செய்து பார்த்தேன், உறுமியது’ என்ற வரிக்காகத்தான் உடனே எழுதுகிறேன். மற்றவை சுருக்கமாக: வளர்ந்த நாயைத் தாராளமாகப் பழக்கலாம், குட்டியைவிட அதற்குக் கவனம் நிலைக்கும். உங்கள் வயதை அது கணக்கில் வைத்திருக்கவில்லை. தின்பண்டத்தைக் காட்டிக் கூப்பிடாதீர்கள், வந்த பிறகு கொடுங்கள். லஞ்சம் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது.

தன் வீட்டையும் தெரிந்த முகங்களையும் மூன்று மாதங்களுக்கு முன்புதான் இழந்த பிராணி அது. அதை மல்லாக்கத் தள்ளி அமுக்கியிருக்கிறீர்கள். அப்போதும் அது கடிக்கவில்லை, உறுமி எச்சரித்தது. அதன் பொறுமைக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். உறுமுவதற்காக அதைத் தண்டித்தால் உறுமல் நின்றுவிடும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் பதியலாம். இனி ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

யார் தலைவர் என்று காட்டும் இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையின் ஓநாய்களைப் பற்றி எழுதினார். அடைப்புக்குள் வைக்கப்பட்டு, விலகிப் போக வழியில்லாத ஓநாய்கள் மோதிக்கொண்டன. யார் மேல், யார் கீழ் என்ற வரிசை அங்கே உருவானது. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மெக், 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம். பிள்ளைகள் வளர்ந்ததும் விலகிப் போய்த் தங்களுக்கென்று குடும்பம் அமைத்துக்கொண்டன. தலைமைக்காகப் போராடும் கூட்டம் என்ற சித்திரத்தை 1999-இல் அவரே கட்டுரை எழுதி மறுத்தார். இதுவும் ஓநாயைப் பற்றிய பேச்சுதான், நாயைப் பற்றியது அல்ல. நாய் மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. பரப்பியவரே திரும்பப் பெற்ற கருத்தை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாய்களின் மேல் ஏறி உட்காரப் போகிறோம்? எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

என் சித்தப்பா ஒரு நாய் வளர்த்தார். மாலையில் அவிழ்த்துவிடுவார். திரும்பக் கூப்பிட்டால் எட்டாத தூரத்தில் நின்று வாலை ஆட்டும், கையை நீட்டினால் விலகும். வெகுநேரம் கழித்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு தானே வரும். வந்ததும் பிரம்பால் ஓர் அடி, பிறகு சங்கிலி. தாமதமாக வந்ததற்கு அடி என்பார் சித்தப்பா. நாய்க்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? அடி விழுந்தது வந்த நொடியில். வந்தால் வலிக்கும் என்று அது மிகச் சரியாகக் கற்றுக்கொண்டது. திமிர் பிடித்த நாய் என்று எல்லோரும் சொன்னார்கள். சித்தப்பாவின் மகள், அப்போது சின்னக் குழந்தை, அதன் பெயரைச் சொன்னால் ஓடிவரும். அவள் அதை ஒருநாளும் கட்டியதில்லை.

நீங்கள் அடிப்பவர் அல்ல என்று நம்புகிறேன். ஆனால் வெளியே அதை எப்போதெல்லாம் கூப்பிடுகிறீர்கள்? வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தானே? அப்படியானால் உங்கள் குரல் கேட்டதும் விளையாட்டு முடிந்தது என்று அதற்குத் தெரியும். பிறகு ஏன் வர வேண்டும்? விளையாட்டின் இடையிடையே கூப்பிட்டு, வந்த நொடியிலேயே அதற்கு மிகவும் பிடித்ததைக் கொடுத்து, மறுபடியும் விளையாட விடுங்கள். பத்து முறையில் ஒன்பது முறை அப்படி நடக்கட்டும். பத்தாவது முறை வீட்டுக்குப் போகலாம்.

பழைய அழைப்பு கெட்டுப்போய்விட்டது, புதிய சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அறைக்குள், பிறகு முற்றத்தில், அதன் பிறகே திறந்த வெளியில். அதுவரை அவிழ்த்துவிடாதீர்கள், பத்து மீட்டர் கயிற்றை, கழுத்தில் அல்ல, மார்புப் பட்டையில் கட்டுங்கள். ஒரே முறை கூப்பிடுங்கள். வேறொரு நாயைக் கண்டு மெய்மறந்து நிற்கும்போது கூப்பிட்டு, வராததைப் பழக்கமாக்காதீர்கள், அந்த நாயிடமிருந்து தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டக்கூடாது. உங்களுக்கு அழுகையே வந்தாலும் திட்டக்கூடாது. காது மந்தமா, உடலில் வலியா என்று கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்பா அதட்டும்போது அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். காது பின்னால் மடிகிறதா, வால் கால்களுக்கிடையே போகிறதா, முகத்தைத் திருப்பி உதட்டை நக்குகிறதா? அப்படியானால் அது மதிப்பு அல்ல, பயம். அவர் கையிலும் கொஞ்சம் தின்பண்டத்தைக் கொடுத்து, அதே புதிய சொல்லால் கூப்பிடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் கயிற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.