குழாய்க்காகச் சுவரைத் துளைக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருச்சியில் 9 அங்குலச் செங்கல் சுவர்களால் கட்டப்பட்ட சொந்த வீட்டில் வசிக்கிறோம். வாஷிங் மெஷினை மாடியிலிருந்து சமையலறையை ஒட்டிய சிறு அறைக்கு மாற்றுவதால், அதன் கழிவுநீருக்கு 2 அங்குலக் குழாய் ஒன்றை வெளிச்சுவர் வழியாக எடுத்துச் செல்ல வேண்டும். உளியால் உடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். கோர் கட்டிங் (இயந்திரத்தால் வட்டமாக அறுத்துத் துளையிடுவது) செய்தே ஆக வேண்டும் என்கிறார் பிளம்பர். எது சரி? சுவர் பலவீனமாகிவிடாதா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கவலைக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். 9 அங்குலச் சுவரில், உங்கள் 2 அங்குலக் குழாய்க்கு வேண்டிய மூன்றரை அங்குல விட்டமுள்ள ஒரு துளை, சரியான இடத்தில் அமைந்தால், சுவரின் தாங்குதிறனைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்காது. செங்கற்கள் இணைப்பு மாற்றி அடுக்கப்பட்டிருப்பதால் மேலிருந்து வரும் சுமை துளையின் இருபுறமும் பிரிந்து இறங்கிவிடுகிறது. துளைக்கு நேர் மேலே ஒரு சிறு முக்கோண அளவுள்ள கட்டுமானம் மட்டுமே தாங்கலின்றி நிற்கும், அதைக் கலவையின் பிடிப்பே தாங்கிக்கொள்ளும். உண்மையில் அஞ்ச வேண்டியது, குழாயைச் சுவருக்குள் குறுக்காகப் புதைத்துக்கொண்டு போவதற்காக வெட்டப்படும் நீண்ட பள்ளத்தைத்தான். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1905, செங்குத்துப் பள்ளத்தின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டப் பள்ளத்தின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்பது ஒன்றரை அங்குலம். 2 அங்குலக் குழாய் அதற்குள் அடங்காது. அப்படி ஒரு யோசனையை யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். சுவரை நேராகக் கடந்து வெளியே போய், வெளிப்புறத்தில் குழாயைக் கிளிப் வைத்து ஓட்டுவதே நல்லது.

கருவி எது என்பதற்கு முன் இடம் முடிவாக வேண்டும். சுவரின் மூலையிலிருந்தும், கதவு, சன்னல் ஓரங்களிலிருந்தும் குறைந்தது ஓரடி தள்ளித் துளையிடுங்கள். தூண்களும் பீம்களும் வைத்துக் கட்டிய வீடானால், மூலையில் பூச்சுக்குள் மறைந்து நிற்கும் கான்கிரீட் தூணிலிருந்தும் இந்தத் தூரம் உங்களைக் காப்பாற்றும். ஏழடி உயரத்தை ஒட்டி, கதவு, சன்னல்களுக்கு மேலே சுமை தாங்கும் கான்கிரீட் பட்டையான லிண்டல் இருக்கும். பல வீடுகளில் அது சன்னலோடு நின்றுவிடாமல் வீட்டைச் சுற்றியும் ஓடும். உங்களுக்குத் துளை தாழ்வாகத்தான் தேவைப்படும் என்பதால் லிண்டல் குறுக்கிடாது. ஆனால் தரையை ஒட்டி, சுவரின் அடியில் ஓடும் கான்கிரீட் பீமான பிளிந்த் பீம் இருக்கக்கூடும், ஆகவே உட்தரையிலிருந்து அரையடிக்கு மேலேயே இருங்கள். சுவிட்சுப் பெட்டிக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளையிடவே கூடாது. சுவருக்குள் ஒயர் போன குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் இருக்கும். தண்ணீர்க் குழாய்கள் போகும் வழியையும், வீடு கட்டியபோது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குறித்த இடத்தில் முதலில் 6 மில்லிமீட்டர் பிட்டால் இரண்டு, மூன்று அங்குலம் மட்டும் துளைத்து, வெளிவரும் தூளைப் பாருங்கள். பூச்சின் சாம்பல் நிறத் தூளுக்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, பிட்டும் முன்னேற மறுத்தால் அங்கே கான்கிரீட் இருக்கலாம். உலோகப் பளபளப்பு தெரிந்தால் அது கம்பி, உடனே நிறுத்திவிட்டு அந்தச் சிறு துளையை அடைத்து இடத்தை மாற்றுங்கள். சாம்பல் செங்கலால் கட்டிய சுவரில் இந்த நிறச் சோதனை உதவாது. அங்கே பிட் இறங்கும் எளிமையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இனி, கொத்தனாரா பிளம்பரா என்ற கேள்வி. நான் பிளம்பரின் பக்கம் நிற்கிறேன். உளியும் சம்மட்டியும் கொண்டு உடைத்தால் மூன்றரை அங்குலத் துளைக்கு ஓரடி அகலப் பூச்சு பெயர்ந்து விழும். அதைவிட வருத்தமானது, சுற்றியுள்ள செங்கற்களின் கலவைப் பிடிப்பு தளர்ந்து, மழைநீர் நுழைய மயிரிழை விரிசல்கள் உண்டாவது. வைரப் பற்கள் கொண்ட கோர் பிட் அடிக்காமல் சுழன்று மட்டுமே அறுப்பதால் துளை வட்டமாக, அளவாக விழுகிறது. கோர் கட்டிங் இயந்திரம் கிடைக்காவிட்டால் இடைவழி ஒன்று உண்டு: குறித்த வட்டத்தின் விளிம்பில் 10 மில்லிமீட்டர் பிட்டால் நெருக்கமாகச் சிறு துளைகளை வரிசையாக இட்டு, பிறகு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சிறிய உளியால் மெல்லக் கொத்தி எடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் சுவர் அதிராது.

எந்த முறையானாலும் முதலில் வட்டத்தின் மையத்தில் ஒரு மெல்லிய வழிகாட்டித் துளையைச் சுவரின் மறுபுறம் வரை இட்டுவிடுங்கள். சுவர் 9 அங்குலம் என்றாலும் இருபுறப் பூச்சையும் சேர்த்தால் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் வரும். 12 அங்குல பிட்டில் டிரில்லின் வாய்க்குள் போகும் பகுதி போக மிஞ்சுவது இதற்குப் போதாது. 16 அங்குல பிட்டாகக் கேட்டு வாங்குங்கள். இந்தத் துளை வெளிப்புறம் தாழ்ந்திருக்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் என்ற வழக்கமான வாட்டக் கணக்குப்படி உங்கள் சுவரின் தடிமனுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் தாழ்வு போதும். சிறியதாகத் தோன்றினாலும் இந்த வாட்டம் தவறினால் பின்னால் எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது, ஆகவே ரசமட்டத்தை வைத்துப் பார்த்து டிரில்லைப் பிடியுங்கள். பிறகு உள்ளிருந்து பாதி, வெளியிலிருந்து பாதி என்று கோர் பிட்டைச் செலுத்தினால் இரு முகப்புகளிலும் பூச்சு சிதறாது. வெளியே நின்று வேலை செய்ய இடமில்லாத மாடிச் சுவரானால், கடைசி 2 அங்குலத்தில் அழுத்தத்தை நன்றாகக் குறைத்துவிடச் சொல்லுங்கள். வெளிப்பூச்சு பெரிய பாளமாகப் பெயர்வது அந்தக் கடைசி நொடிகளில்தான்.

துளை மூன்றரை அங்குலம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2 அங்குலக் குழாய் என்று கடையில் தருவதன் வெளிவிட்டம் 63 மில்லிமீட்டர். அதைச் சுவரில் நேரடியாகச் சிமெண்டு வைத்து இறுக்கக் கூடாது. பி.வி.சி. வெயிலில் நீளும், 3 மீட்டர் நீளமுள்ள வெளிக்குழாய் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீள்கிறது. நாள்தோறும் நீண்டு சுருங்கும் குழாயைக் கெட்டியான கலவை பிடித்துக்கொண்டிருந்தால், ஒன்று இணைப்பு விடும், அல்லது சுற்றியுள்ள பூச்சு வெடிக்கும். அதனால் 75 மில்லிமீட்டர் குழாயில் சுவரின் முழுத் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டித் துளைக்குள் உறையாக வையுங்கள். உறையின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துளையைத் தூசி நீக்கி நனைத்து, நீர்த்தடுப்பு மருந்து கலந்த 1:3 சிமெண்டுக் கலவையை (ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல்) சுற்றிலும் இடைவெளியின்றித் திணிக்க வேண்டும். அது ஒரு வாரம் நனைந்து இறுகிய பின் உறைக்குள் கழிவுக் குழாயைச் செலுத்தி, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இருமுனையிலும் நெகிழ்வான சீலண்டால் மூடுங்கள்.

கோர் பிட் செங்கலில் திடீரென்று சிக்கினால் இயந்திரம் கையை முறுக்கி வீசிவிடும். பக்கப் பிடியை மாட்டாமலும், ஏணியின் மேல் நின்றும் அதை இயக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்தச் சுவரின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி) பாதுகாப்புள்ள வேறு இணைப்பிலிருந்து இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுங்கள். செங்கல், சிமெண்டுத் தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலைப் பாழாக்கக்கூடியது. வேலைக்கு வருபவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தால், என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவர் அதே வேலையை ஆண்டு முழுவதும் செய்கிறவர்.

கேள்வி: கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் சிறு செங்கற்களால் கட்டப்பட்டவை, தடிமன் ஒன்றரை அடி. முதியவர்களுக்காக உள்ளேயே கழிவறை அமைக்க, 4 அங்குலக் குழாய்க்குத் துளையிட வேண்டும். ஹேமர் டிரில் பயன்படுத்தலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பயன்படுத்த வேண்டாம். அக்காலச் செங்கல் மெல்லியது, காரையோ சிமெண்டைவிட மென்மையானது. ஹேமர் டிரில்லின் அடி ஒரு செங்கல்லோடு நிற்காமல் சுற்றியுள்ள வரிசைகளையும் அசைத்துவிடும். அடிக்கும் விசையை நிறுத்தி, சுழற்சி மட்டும் உள்ள கோர் பிட்டால் இருபுறத்திலிருந்தும் சிறிது சிறிதாகச் செல்லுங்கள். பிட்டின் ஆழம் போதாத இடத்தில் உள்ளே நிற்கும் துண்டை உளியால் உடைத்தெடுத்துவிட்டு, நீட்டிப்புத் தண்டை மாட்டித் தொடரலாம். சுவரின் உட்பகுதியில் மண் சாந்து இருக்கக்கூடும் என்பதால் தண்ணீரைப் பீய்ச்சி அறுக்காதீர்கள். சாந்து கரைந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும்.

மச்சின் உத்திரம் சுவரில் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அதன் நேர் கீழிருந்து விலகி இடம் குறியுங்கள். சாதாரணச் சுவரில் சுமை பரவலாக இறங்குகிறது. உத்திர முனையின் கீழே அது ஓரிடத்தில் குவிந்திருக்கிறது.

அடைப்பதற்கும் சிமெண்டு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. நடுவில் சிமெண்டு வளையம் ஒன்றை வைத்தால், ஈரம் அதைச் சுற்றித் தேங்கி, உப்புப் பூத்து, பழைய செங்கல்தான் பொரிந்து உதிரும். நீற்றிய சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள் ஆகியவை சேர்ந்த கலவையை உறையைச் சுற்றித் திணித்து, பல நாட்கள் ஈரச்சாக்கு போட்டு இறுகவிடுங்கள். செங்கல் தூள் சேர்வதால் அது ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் காரை குழைக்கத் தெரிந்த மேஸ்திரி உங்கள் பக்கத்தில் இருந்தால், இந்த வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்.

கேள்வி: ஏ.சி. பொருத்திய பிறகு, ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய்த் துளையின் கீழே சுவர் ஊறுகிறது. வெளியே மக்கு வைத்து அடைத்தும் பயனில்லை. (வாசகர், கடலூர்)

பதில்: என் வீட்டிலும் இதே துன்பத்தை இரண்டு மழைக்காலம் பட்டிருக்கிறேன். பொருத்த வந்தவர் உட்பக்கம் தாழ்வாகத் துளையிட்டுவிட்டதால், வெளியில் எத்தனை முறை அடைத்தாலும் செப்புக் குழாயின் மேலாகவே நீர் வழிந்து உள்ளே வந்தது. குழாயின் மேலுள்ள பஞ்சுறையில் மக்கு ஒட்டிக்கொள்வதில்லை; காய்ந்ததும் சுருங்கி வழிவிட்டுவிடும். மழை இல்லாத நாளில் பழைய மக்கை நீக்கிவிட்டு, வெளிவாயின் கீழ் உதட்டைக் கொத்தி வெளிநோக்கிச் சாய்வாக்குங்கள். துளைக்குள் பி.வி.சி. உறை வைத்துச் சுற்றிலும் கலவையால் அடைத்து, குழாய்க்கும் உறைக்கும் நடுவே நுரை அடைப்பான் இட்டு, அதன் மேல் வெயில் தாங்கும் சீலண்டைப் பூசுங்கள். நுரை வெயில் பட்டால் பொடியாகும் என்பதால் வெளியே தெரியக் கூடாது. துளைக்குள் நுழையும் முன், குழாய்த் தொகுப்பைத் துளையின் மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே வளைத்து மேலேற்றச் சொல்லுங்கள். குழாய் வழியே ஓடிவரும் மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். ஏ.சி.யின் வடிநீர்க் குழாயை மட்டும் இந்த வளைவில் சேர்க்காமல், துளையிலிருந்து நேராகக் கீழ்நோக்கி இறக்குங்கள்.