வாசகர் கேள்வி: செடி வரையறது ஒரு வேலையா?

இந்த இதழ்ல தாவர ஓவியம் பத்தி வந்த கேள்விகளுக்கு, சென்னைல பல வருஷமா வாட்டர்கலர்ல செடி கொடி வரையற ஒரு ஓவியர் பதில் சொல்றாங்க.

அக்கா, நான் பெரம்பூர். பிஎஸ்சி பாட்டனி கடைசி வருஷம். செடி வரையறதையே வேலையா பண்ண ஆசை. எங்கப்பா "செல்போன்லயே போட்டோ எடுக்கலாமே, இதுக்கு யாரு காசு குடுப்பா"ன்னு கேக்கறார். என்ன சொல்றது?

அப்பா கேக்கறது நியாயமான கேள்விதான்மா. அவர்கிட்ட ஒரு கொன்றை மரத்தைக் காட்டு. போட்டோன்னா அந்த நிமிஷத்துல அந்தக் கிளை எப்படி இருக்கோ அதுதான் விழும், ஒரு இலை இன்னொன்ன மறைச்சா மறைச்சதுதான். ஆனா செடியை அடையாளம் கண்டுபிடிக்கறவங்களுக்கு மொட்டு, பூ, காய், விதை, இலையோட அடிப்பக்கம், பூவை ரெண்டா வெட்டினா உள்ள என்ன இருக்கு, எல்லாம் ஒரே பக்கத்துல வேணும். கொன்றைல 10 மகரந்தத்தாள்ல மூணு மட்டும் நீளமா வளைஞ்சு வரும், அது தெளிவா தெரியணும். பூ சித்திரைல பூக்கும், காய் முத்தி கருப்பாக கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். அந்தக் காய்க்காக பாதி முடிச்ச பேப்பரை பீரோல வச்சு அடுத்த கோடை வரைக்கும் காத்திருந்திருக்கேன்.

காசு விஷயத்த மறைக்காம சொல்றேன். கலர் படம் மட்டும் வரைஞ்சு ஆரம்பத்துலயே வீட்டு வாடகை கட்ட முடியாது. முதல்ல வர்ற வேலை பெரும்பாலும் ஆராய்ச்சி பண்றவங்க கேக்கற கருப்பு மை கோட்டுப் படம்தான், அப்புறம் புத்தகம், பூங்கா தகவல் பலகை, வகுப்பு எடுக்கறதுன்னு கொஞ்சம் கொஞ்சமா வரும். டிகிரிய மட்டும் விட்டுடாத. நல்லா வரையறவங்க நிறைய பேர் இருக்காங்க, பூவோட சூல்பை (பின்னாடி காயா மாறற பகுதி) மேல இருக்கா கீழ இருக்கான்னு பாத்து வரையறவங்க ரொம்ப கம்மி. முடிஞ்சா ஒரு தடவை கோயம்புத்தூர் போய் மெட்ராஸ் ஹெர்பேரியத்துல காய வச்சு பாதுகாக்கற செடி மாதிரிகள பாரு, அனுமதி வாங்கிட்டுதான் போகணும்.

எங்க தெருவுல இருக்கற பூவரசம்பூ வரையறேன். முடிக்கறதுக்குள்ள கலரே மாறிடுது, வாடியும் போயிடுது. இலையோட பச்சையும் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. — திருவான்மியூர் வாசகி

நானும் முதல் பூவரசுல இதே இடத்துலதான் மாட்டிக்கிட்டேன். அது ஒரு நாள் பூங்க. காலைல 7 மணிக்கு எலுமிச்சை மஞ்சள், உள்ள அடில கருஞ்சிவப்புப் பொட்டு, மதியத்துக்கு மேல மஞ்சள் மங்கி, சாயங்காலம் சின்ன வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்துடும். அதனால காலைல பறிச்ச உடனே படம் வரைய உட்காராதீங்க, முதல்ல ஒரு துண்டு பேப்பர்ல கலர் மட்டும் கலந்து தடவி பக்கத்துல நேரம் எழுதிடுங்க. அப்புறம் டிவைடர் வச்சு இதழ் நீளம் அகலம் அளந்து நிஜ அளவுலயே பென்சில்ல போட்டுட்டு, பூவுக்கு மட்டும் அன்னிக்கே கலர் குடுங்க, இலை ரெண்டு மூணு நாள் தண்ணில நிக்கும், அது காத்திருக்கும். ஈரத் துணில சுத்தி டிபன் பாக்ஸ்ல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். மறுநாள் அதே மரத்துல புதுப் பூ எடுத்து மிச்சத்த சரி பாருங்க. காலைப் பூவும் சாயங்காலப் பூவும் ஒரே கிளைல போட்டீங்கன்னா இன்னும் அழகு, மரத்துலயும் அப்படித்தானே இருக்கு.

பச்சைய டியூப்ல இருந்து அப்படியே எடுத்து தடவறீங்கன்னு நினைக்கறேன். அல்ட்ராமரைன் நீலத்தோட மஞ்சள் கலந்து ஒரு துளி சிவப்பு விடுங்க, பச்சை உடனே அடங்கும். பூவரசு இலை பளபளப்பு, அது மேல வானம் தெரியும், அதனால வெளிச்சம் படற இடத்துல முதல்ல ரொம்ப லேசா நீலம் ஓட்டிட்டு, அதிகம் மின்னற இடத்துல பேப்பரோட வெள்ளையையே விட்டுடுங்க. சின்ன வயசுல இதே இலைய சுருட்டி பீப்பி ஊதியிருப்பீங்க, ஆனா பிஞ்சுத் தண்டுலயும் மொட்டுலயும் பொடிப்பொடியா பழுப்புச் செதில் ஒட்டியிருக்கறத பாத்திருக்கீங்களா? லென்ஸ் வச்சுப் பாருங்க. அத நீங்களே கண்டுபிடிச்சு வரையற அன்னிக்கு வர்ற சந்தோஷம் வேற.

இன்னொண்ணு, பிரஷ் நுனி கூர்மையாகணும்னு வாயில வைக்காதீங்க. காட்மியம் கலந்த கலர் இருக்கு, செங்காந்தள் மாதிரி விஷச் செடியத் தொட்ட கையும் இருக்கு.

நல்ல பேப்பர் வாங்கி வச்சேன், ஆறு மாசத்துல கலர் போட்டா புள்ளி புள்ளியா உறிஞ்சுது. ஏன்?

நம்ம ஊர் ஈரக்காத்துதான். பேப்பர் மேல இருக்கற பசைப்பூச்சு கெட்டுப்போனா மை ஒத்தற தாள் மாதிரி ஆயிடும், அத சரி பண்ண முடியாது. மொத்தமா வாங்காம அப்பப்போ 300 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) காட்டன், வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் நாலஞ்சு வாங்கி, காத்து புகாத கவர்ல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. வரையும்போது கைக்கு அடில ஒரு தாள் இருக்கட்டும், வேர்வை படக்கூடாது.

என் படத்த ஒரு புத்தகத்துல போட்டாங்க, என் பேர் எங்கயுமே இல்ல. கேட்டா அடுத்த வேலை குடுக்க மாட்டாங்களோன்னு பயமா இருக்கு. — மயிலாப்பூர்

எனக்கும் நடந்திருக்குங்க. ஒரு பதிப்பகம் என்னோட 12 படம் போட்டு, பேரையும் விட்டுட்டு, பக்கத்துல அடங்கலன்னு ஒரு படத்துல வேரை வெட்டிட்டாங்க. அந்த வேரைத்தான் நான் மூணு நாள் உட்காந்து வரைஞ்சேன். அப்போ நான் வாயத் திறக்கல, இன்னிக்கும் அது மனசுல உறுத்துது.

இதே மெட்ராஸ்ல ராபர்ட் வைட்னு கிழக்கிந்திய கம்பெனி டாக்டர் ஒருத்தர் தென்னிந்தியச் செடிகள 2,000க்கும் மேல படமா அச்சடிச்சார், 1853ல முடிஞ்ச வேலை அது. அதுல வரைஞ்ச ரெண்டு பேர் ரங்கையா, கோவிந்து. அவங்க பேர அந்தப் படங்களுக்கு கீழயே பாக்கலாம், கோவிந்து பேர்ல ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியான்னு பேர் வச்சார் வைட். அவங்களுக்கு முந்தின தலைமுறைல கோரமண்டல் கரைச் செடிகள ராக்ஸ்பர்க்குன்னு இன்னொரு கம்பெனி டாக்டருக்கு வரைஞ்சு குடுத்த நம்மாளுங்க பெரும்பாலும் யாருன்னே தெரியாது. படம் மட்டும் இருக்கு.

அதனால தயங்காம கேளுங்க. இனிமே வேலை ஒத்துக்கும்போதே பேர் எங்க வரும், வெட்டலாமா கூடாதா, ஒரிஜினல் யார்கிட்ட இருக்கும்னு மெயில்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் ஸ்கேன் குடுங்க, ஒரிஜினல கைல இருந்து விடாதீங்க. வந்த புத்தகத்துக்கு, எந்தப் பக்கம் எந்தப் படம்னு குறிப்பிட்டு, அடுத்த பதிப்புல பேர் சேக்கச் சொல்லி இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க.