ஜூலியின் வயதும் மண்ணெண்ணெய்ப் போத்தலும்

அன்பின் அக்கா,

நாங்கள் கல்லடியில் இருக்கிறோம். எனக்கு 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். தெரிந்த ரீச்சர் ஒருவர் தெருவில் விடப்பட்ட நாய்களை எடுத்துப் பராமரிக்கிறா. அவவிடம் ஜூலி என்று ஒரு ஊர் நாய் இருக்கு. பெட்டை, 9 வயது, 15 கிலோ மட்டில் இருக்கும். வளர்த்தவர்கள் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனார்களாம். நல்ல அமைதியான நாய், எடுங்கள் என்கிறா. மாமியோ "கிழட்டு நாய் வீடு பழகாது, குட்டியா எடுங்க" என்கிறா. இன்னும் எத்தனை வருசம் இருக்கும்? பிள்ளைகள் மனம் ஒட்டின பிறகு செத்துப்போனால் என்ன செய்வது? காவலுக்கு உதவுமா? உடம்பில் கொஞ்சம் உண்ணி இருக்கு, மண்ணெண்ணெய் பூசினால் போய்விடும் என்று இவர் சொல்கிறார். எடுக்கலாமா, விடலாமா?

ஒரு வாசகி, கல்லடி

தங்கச்சி,

நீங்கள் பெரிதாக நினைத்துக் கேட்டது வயதை. என் கண் போய் நின்றது மண்ணெண்ணெயில். மாரி முடிந்து வெயில் ஏறுகிற இந்த நாட்களில் உண்ணி பற்றி எழுதவேண்டும் என்று இரண்டு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

வயதை முதலில் முடித்துவிடுகிறேன். 9 வயது ஊர் நாய்க்கு முடிவு காலம் இல்லை. கவனித்துப் பார்த்தால் 13, 14 வரைக்கும் இருக்கிற நாய்கள் உண்டு. மாமியிடம் சொல்லுங்கள், குட்டி எடுத்தால் இரவு முழுக்க அழும், செருப்பைக் கடிக்கும், ஊசி போட்டு முடியுமுன் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் சில நாளிலேயே போய்விடும். வளர்ந்த நாயின் குணம் முன்னாலேயே தெரியும். பழகாது என்பது பொய். முதல் 3 நாள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும், சாப்பிடாமலும் இருக்கும். 3 கிழமையில் உங்கள் வீட்டு நேரங்கள் அதற்குப் பிடிபடும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். காவலுக்குத்தான் நாய் என்றால் ஜூலியை எடுக்க வேண்டாம்.

இனி மண்ணெண்ணெய். அந்தப் போத்தலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள் அவரிடம். மண்ணெண்ணெய் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கரைத்துத் தோலைப் புண்ணாக்கும். எரிகிற இடத்தை நாய் நக்கும். நக்கியதை வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். கழிவு ஒயிலும் இப்படித்தான். ஏற்கெனவே யாராவது பூசியிருந்தால், பாத்திரம் கழுவுகிற திரவம் போட்டு இளஞ்சூட்டு நீரில் இரண்டு மூன்று தரம் கழுவிவிட்டு வைத்தியரிடம் கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

இவ்வளவு பாடுபட்டாலும் உண்ணி போகாது. உங்கள் வளவில் உண்ணி இருந்தால், அதில் பெரும்பங்கு எந்த நேரமும் நாயின் உடம்பில் இல்லை, சுவரில் இருக்கிறது. நம்மூர் நாய்களில் ஏறுகிற அந்தத் தவிட்டு நிற உண்ணி முட்டையிலிருந்து 6 காலோடு வரும். நாயில் ஏறிச் சில நாள் இரத்தம் குடித்துவிட்டு இறங்கும். வெடிப்பில் ஒளிந்து தோல் கழற்றி, 8 காலோடு மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும். மூன்றாந்தரம் ஏறுவது வளர்ந்த உண்ணி. பெண் உண்ணி சாம்பல் நிறக் கொட்டை போல ஊதி விழுந்து, மதில் வெடிப்பிலோ விறாந்தைச் சீலிங் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டை இடும். இந்த உண்ணிக்கு மேல் நோக்கி ஏறுகிற பழக்கம். அதனால்தான் நிலத்தைக் கூட்டிக் கழுவுகிற வீட்டில் திரைச்சீலையில் உண்ணி ஊருகிறது. வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேலும் பட்டினி கிடந்து காத்திருக்கும்.

ஆகவே நாயையும் வீட்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றதும் வீண்.

ஜூலியை முதலில் நிறுங்கள். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்தால் வந்துவிடும். "15 கிலோ மட்டில்" என்பது போதாது, மருந்து கிலோக் கணக்கில்தான். வாயால் கொடுக்கிற மாத்திரைகளில் அபோக்சோலனர் ஒரு மாதத்துக்கு நிற்கும், புளூரலனர் 12 கிழமைக்கு. வலிப்பு வந்த நாயென்றால் வைத்தியரிடம் அதைச் சொல்லாமல் வாங்காதீர்கள். மாத்திரை கொடுத்த பிறகும் உண்ணி ஏறும், கடித்த பின்தான் சாகும். அதைப் பார்த்து "மருந்து பிழை" என்று இரண்டாவது மாத்திரை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சொட்டு மருந்து பிப்ரோனில் என்றால், தோள்பட்டைகளுக்கு நடுவே மயிரை விலக்கித் தோலில் விடவேண்டும். அதற்கு முன் 2 நாளும் பின் 2 நாளும் குளிப்பாட்டக்கூடாது, தோலின் எண்ணெய்ப் பசையில்தான் அந்த மருந்து பரவுகிறது. மாட்டுக்கு அடிக்கிற அமித்ராஸ் என்ற உண்ணி மருந்தை அளவு தெரியாமல் கலந்து ஊற்றுவதும் இங்கே நடக்கிறது. அது இதயத் துடிப்பைக் குறைக்கும், இரத்தத்தில் சீனியைக் கூட்டும். வயது போன நாய்க்கு வேண்டவே வேண்டாம்.

கையால் எடுப்பதென்றால் கூரான இடுக்கியால், தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுங்கள். காதின் உள்மடிப்பும் விரல் இடுக்கும்தான் முதலில் பார்க்கவேண்டிய இடங்கள். எடுத்ததை ஸ்பிரிட்டில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். உண்ணியால் மனிதருக்கு வருகிற காய்ச்சலும் உண்டு.

வீட்டில் செய்யவேண்டியது: நாய் படுக்கப்போகிற இடத்தைச் சுற்றி மதில் வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். பூச முடியாத இடுக்கில் கொதிநீர் ஊற்றுங்கள். சாக்கை விட்டுவிட்டுப் பருத்தித் துணி போடுங்கள், கிழமைக்கு ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். விறகுக் குவியலையும் பழைய கிடுகையும் மதிலிலிருந்து தள்ளி வையுங்கள். இதை 3 மாதம் விடாமல் செய்யவேண்டும். முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் நிறுத்தினவர்களுக்கு எல்லாம் பழையபடி வந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் தெளிப்பு எதுவும் வேண்டாம், பூனை செத்துப்போகும்.

"அமைதியான நாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அமைதியா, சோர்வா? உண்ணி கடித்த சில மணித்தியாலங்களிலேயே ஏர்லிக்கியா என்ற கிருமி நாய்க்குள் போய்விடலாம். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வெளியே தெரியாமலும் கிடக்கும். இரத்தத்தை உறைய வைக்கிற இரத்தத்தட்டுகள் குறையும், முரசு (பல் ஈறு) வெளிறும், ஒருநாள் மூக்கால் இரத்தம் வரும். மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விடுங்கள். 2 செக்கனுக்குள் இளஞ்சிவப்பு திரும்பவேண்டும். அது சரியாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தட்டுகள் குறைந்து, ஏர்லிக்கியாதான் என்று பட்டால் வைத்தியர் டொக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை தருவார். வழக்கமாக 28 நாள், சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். அஞ்சாம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிடும். "சுகம்தானே" என்று அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. அரைகுறையாக நிறுத்தின மருந்தால் கிருமி உள்ளேயே தங்கிவிடுகிறது. காய்ச்சலுக்குப் பனடோல், கால் நோவுக்கு வோல்டரன் என்று வீட்டு மாத்திரையைக் கொடுத்து ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்காதீர்கள்.

கருத்தடை செய்யாத பெட்டை என்றால் முலைகளில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். 15 கிலோ நாய் ஒன்றரை லீற்றருக்கு மேல் குடித்தால் சிறுநீரகமோ, சீனியோ, கர்ப்பப்பையில் சீழோ என்று பார்க்கவேண்டும். கருத்தடைக்குக் கொண்டுபோவதும் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான், தட்டுகள் குறைந்த நாயை வெட்டினால் இரத்தம் நிற்காது. கண் நீலம் பூத்திருந்தால் பெரும்பாலும் வயதில் வருவது, பார்வை இருக்கும், ஆனாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி வருடம் ஒருமுறை, அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது.

பிள்ளைகள் மனம் ஒட்டின பிறகு செத்துப்போனால் என்று கேட்டீர்கள். அழுவார்கள், தங்கச்சி. நீங்களும் அழுவீர்கள். ஜூலி ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்து நிற்கிறது, அதையும் பாருங்கள்.

எடுங்கள். மாத்திரையை ரீச்சர் வீட்டிலேயே கொடுத்து, இரண்டு நாள் அங்கேயே விட்டுவிட்டுப் பிறகு கூட்டிவாருங்கள். ஏறியிருக்கிற உண்ணி அங்கேயே சாகட்டும். அது படுத்த பழைய சாக்கைக் கொண்டுவர வேண்டாம். மாத்திரை கொடுக்கிற அன்றைக்கு உங்கள் பழைய சட்டை ஒன்றைத் துவைத்துக் கொண்டுபோய் அதற்குப் படுக்கப் போடுங்கள். இரண்டாம் நாள் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று உதறிப் பார்த்து, அந்தச் சட்டையோடு ஜூலியைக் கூட்டிவந்து, விறாந்தையில் அதையே விரித்துவிடுங்கள்.