கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாகர்கோவில் வரும் உறவினர்களை எங்கெல்லாம் கூட்டிப் போகலாம்?

கேள்வி கேட்டவர் பார்வதிபுரம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர். சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, கூடவே சின்னப் பிள்ளைகளும் மூட்டுவலி உள்ள ஒரு பெரியம்மாவும். டிசம்பர் 23 முதல் ஒரு வாரம் இருப்பார்களாம். "ரோட்டில் கார் நகரவே மாட்டேன் என்கிறது, கன்னியாகுமரியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இதே ஊர்க்காரன். எங்கள் வீட்டுக்கும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு பட்டாளம் வந்து இறங்கும். என் கருத்து இதுதான்: சென்னைக்காரர்களுக்குக் கடல் புதிதில்லை. அவர்கள் பார்க்காதது நம் ஊர் டிசம்பர் இரவு. பகலில் அவர்களைத் தூங்க விடுங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே கூட்டிப் போங்கள்.

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்து மக்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அதனால் இங்கே கிறிஸ்துமஸ் என்பது கோயிலுக்குள் மட்டும் நடக்கும் விஷயமில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா முடிந்த கையோடு தெருவில் ஸ்டார்கள் ஏற ஆரம்பித்துவிடும். இந்து வீட்டு மாடியிலும் ஸ்டார் தொங்கும், யாரும் அதை விசேஷமாக நினைப்பதில்லை. சந்துக்குச் சந்து வாலிபர்கள் இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடில் கட்டுவார்கள். கொட்டகையும் வைக்கோலும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மாத ஆரம்பத்திலேயே தட்டுகளில் தானியம் விதைத்து முளைக்க வைத்து, கிறிஸ்துமஸுக்குள் பச்சைப் புல்வெளி தயாராகிவிடும். மோட்டார் வைத்து ஓடை, சுற்றும் காற்றாலை, ஓடும் ரயில், கடற்கரை ஊர் என்றால் வள்ளமும் வலையும். பெத்லகேமில் காற்றாலை ஏது என்று பிள்ளைகள் கேட்டால், காற்றாலைகள் நிறைந்த நம் ஆரல்வாய்மொழியிலிருந்து வந்தது என்று சொல்லிச் சமாளியுங்கள்.

பலரும் 24, 25 இரவுகளிலேயே எல்லாக் குடிலையும் பார்த்து முடிக்க ஓடுகிறார்கள், டிராபிக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அவசரமே இல்லை. பெரும்பாலான குடில்கள் புத்தாண்டு தாண்டி, ஜனவரி ஆரம்பத்தில் வரும் மூவரசர் திருநாள் வரை அப்படியே இருக்கும். 27-இலிருந்து 30-க்குள் போனால் கட்டிய பையன்களே பக்கத்தில் நின்று எதை எப்படிச் செய்தோம் என்று விளக்குவார்கள். கார் வேண்டாம். உங்கள் தெருவிலிருந்து நடையாகவே ஒரு சுற்று, அப்புறம் ஒரு நாள் ஆட்டோ பிடித்துக் கோட்டாறு பக்கம் ஒரு சுற்று, இன்னொரு நாள் மணக்குடி, முட்டம் என்று கடலோரச் சாலையில் ஒரு சுற்று. செட்டிகுளம், வேப்பமூடு, மணிமேடைப் பகுதிகளில் மாலை ஐந்து முதல் ஒன்பது வரை காரை எடுப்பவரை நான் மதிக்கமாட்டேன். துணி எடுக்க வேண்டும் என்று மைனிமார் (அண்ணிமார்) சொன்னால், காலை கடை திறந்ததுமே போய்வரச் சொல்லுங்கள்.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கீத பவனி எப்படியும் உங்கள் வீட்டுக்கே வரும். செண்டை மேளம், முன்னால் ஆடிக்கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் லோடு வண்டியில் ஸ்பீக்கர். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காதீர்கள். காணிக்கைக்குச் சில்லறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவைப் பார்த்து அலறும் சின்னதுகளை முன்கூட்டியே தயார்படுத்துவது நல்லது.

24-ஆம் தேதி இரவு. நீங்கள் எந்த மதம் என்று சொல்லவில்லை, அது பொருட்டுமில்லை. கத்தோலிக்கக் கோயில்களில் நள்ளிரவுத் திருப்பலி பெரும்பாலும் பதினொன்றரை வாக்கில் தொடங்கும். பதினோரு மணிக்கே போய்விட்டால் பெரியம்மாவுக்கு நாற்காலி கிடைக்கும். வானவர் கீதம் பாடும்போது மணி அடிக்க, பாலன் இயேசு சுரூபத்தைக் குடிலுக்குக் கொண்டுபோகும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பிள்ளைகளைத் தூங்க வைக்காமல் கூட்டிப் போகலாம். கிறிஸ்தவர் அல்லாதவர்கள் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் மட்டும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும். கடைசியில் பாலனை முத்தம் செய்யும் வரிசையில் யாரும் நிற்கலாம். நள்ளிரவு முடியாதவர்களுக்கு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் 25 விடிகாலை ஆராதனை உண்டு. கூட்டம் அப்போதும் இருக்கும், ஆனால் திரும்பி வரும்போது ரோடு காலியாக இருக்கும்.

25 பகல் முழுக்கச் சாப்பாடுதான், அதற்கு என் ஆலோசனை தேவையில்லை.

பகல் பயணத்துக்கு ஒரு யோசனை. நம் ஊர்க் கதை ஒன்றையே வழியாக வைத்துக்கொள்ளுங்கள். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அந்த மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்தார். டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அவரிடம் பேசிப் பழகி 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர்தான் நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அதாவது தேவசகாயம் பிள்ளை. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அடக்கம் செய்த இடம் கோட்டாறு பேராலயம். ஒரு காலையில் காற்றாடிமலை, இன்னொரு காலையில் உதயகிரியும் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனையும் என்று பிரித்துக்கொள்ளலாம். காற்றாடிமலையில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை ஒன்று உண்டு, மணியடிச்சான் பாறை என்பார்கள். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் போய் வாசலோடு திரும்புகிற வேன்களை வாராவாரம் பார்க்கலாம். உள்ளே குறுகலான மரப்படிகள் நிறைய, பெரியம்மாவுக்கு ஒத்துவராது.

வரலாறு சலித்துவிட்டால், வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டியது, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம். மேலே நடப்பது சமதளம், கீழே ஆற்றுக்கு இறங்கும் படிகள்தான் செங்குத்து. திற்பரப்பு அருவியில் அந்த வாரம் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும், நான் தவிர்ப்பேன்.

சரி, கன்னியாகுமரியே வேண்டாமா என்றால், வேண்டும், விடிகாலையில். அரையாண்டு விடுமுறை, சபரிமலை சீசன், கிறிஸ்துமஸ், புத்தாண்டு நான்கும் அங்கே ஒன்றாக வந்து இறங்கும் வாரம் அது. சூரிய உதயம் ஆறரை வாக்கில். டிசம்பரில் உதயம், அஸ்தமனம் இரண்டையுமே கடலில் பார்க்கலாம், கோடையில் அஸ்தமனம் நிலத்துப் பக்கம் போய்விடும். உதயம் பார்த்ததும் நேரே படகுத் துறைக்குப் போங்கள். எட்டு மணிக்குப் படகு தொடங்கும். முன்பெல்லாம் கடல் உள்வாங்கினால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது, விவேகானந்தர் பாறையோடு திரும்ப வேண்டியதுதான். 2024 டிசம்பர் 30-இல் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு நடந்தே போய்விடலாம். கண்ணாடி மேல் கால் வைக்கப் பயப்படுவது பிள்ளைகள் அல்ல, அண்ணன்மார்தான். படகில் ஏறி இறங்க முடியாத பெரியம்மாவுக்கு வட்டக்கோட்டை நல்லது, சாய்வுத் தளம் வழியாகவே மதில் மேல் போய்க் கடலைப் பார்க்கலாம். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், அன்று அந்த ரோடு நகராது. தேர் பார்க்கவே போகிறீர்கள் என்றால் பேருந்தில் போங்கள்.

இன்னொன்று. 26-ஆம் தேதி கடற்கரைக்குப் பிக்னிக் மாதிரிக் கிளம்பாதீர்கள். 2004 சுனாமி அன்றுதான் வந்தது. குளச்சல், மணக்குடி போன்ற ஊர்களில் அன்று நினைவுத் திருப்பலியும் மெழுகுவர்த்தி ஊர்வலமும் நடக்கும். முந்தைய நாள் மின்விளக்கில் மின்னிய அதே தெருவில் கல்லறை மேல் பூ வைத்துக்கொண்டிருப்பார்கள். போவதென்றால் அஞ்சலி செலுத்துகிறவர்களாகப் போங்கள், பாட்டுப் பெட்டியும் செல்ஃபியும் வேண்டாம். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால் என்ன நடந்தது என்று சொல்லிக் கூட்டிப் போவதில் தவறில்லை.

ஊருக்குக் கொடுத்துவிட முந்திரிக்கொத்துப் பலகாரம், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், மட்டிப்பழம் என்ற நம் ஊர் வாழைப்பழம். முந்திரிக்கொத்தை வீட்டில் செய்கிற யாரிடமாவது 20-ஆம் தேதிக்குள் சொல்லி வையுங்கள், அதற்கப்புறம் கேட்டால் மாவே இல்லை என்பார்கள். மட்டிப்பழம் மட்டும் ரயில் ஏறும் நாள் காலையில், பாதி பழுத்த குலையாகப் பார்த்து வாங்கவும். நன்றாகப் பழுத்ததைக் கொடுத்தால் மதுரை தாண்டுவதற்குள் தோல் கறுத்துவிடும்.