இரண்டு கறுப்பு மண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது உக்ரைனின் செர்னோசெம் மண்ணைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தோம். இடுப்பளவு வெட்டிய குழியில் மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. "நம்ம ஊரு மண்ணு மாதிரியே இருக்கே" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எங்கள் புஞ்சைக்கு எடுத்த மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மட்கில் இருக்கும் கார்பன், 0.38 சதவீதம், 'குறைவு' என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அப்பா "மண்ணக் கொன்னுட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு கடைக்காரர், ஹியூமிக் என்கிற மட்குச் சத்துத் திரவம் ஐந்து லிட்டர் கேன் வாங்கி ஊற்றினால் மூன்று வருடத்தில் உக்ரைன் மண் மாதிரி ஆகிவிடும் என்கிறார். இரண்டும் ஒரே மண்தானா? நாங்கள்தான் கெடுத்துவிட்டோமா?

ஒரு வாசகி,
விளாத்திகுளம் பக்கம்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அப்பாவுக்கு. நீங்கள் யாரும் மண்ணைக் கொல்லவில்லை. அந்த 0.38-இல் உங்கள் பங்கு கொஞ்சம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். பெரும்பங்கு விளாத்திகுளத்து வெயிலுடையது.

செர்னோசெம் என்றால் ரஷ்ய மொழியில் கறுப்பு மண் என்றுதான் பொருள். அது எப்படி உண்டானது என்று பொறுமையாக விசாரித்தவர் ரஷ்ய மண்ணியல் அறிஞர் வசீலி டொகுச்சாயெவ். 1873-லும் 1875-லும் வறட்சி வந்து ரஷ்யாவின் தானியக் களஞ்சியமே ஆட்டம் கண்ட பிறகு, அந்த மண்ணை ஆராயும் வேலை அவரிடம் வந்தது. 1877, 1878 இரண்டு வருடங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீட்டர் அலைந்து, போன இடமெல்லாம் குழி வெட்டிப் பார்த்தார். அதுவரை மண் என்றால் பாறை உதிர்ந்த தூள் என்றே பலரும் நினைத்தார்கள். செர்னோசெம் பழைய கடலின் சேறு என்று சொன்னவர்களும் உண்டு. 1883-இல் வந்த தன் நூலில் டொகுச்சாயெவ் வேறொன்று சொன்னார். அடிப்பாறை, நிலத்தின் மேடுபள்ளம், செடிகொடியும் உயிர்களும், காலம், தட்பவெப்பம் ஆகிய ஐந்தும் சேர்ந்து சமைப்பதுதான் மண். இதில் ஒன்று மாறினாலும் மண் மாறிவிடும்.

அவர் நடந்த புல்வெளியை மனதில் கொண்டுவந்து பாருங்கள். வருடத்துக்கு 400 முதல் 600 மி.மீ. வரை மழையும் பனியும். காடு வளர அது பற்றாது, புல்லுக்குப் போதும். இடுப்பளவு புல்லுக்குக் கீழே அதைவிட ஆழமாக வேர். அந்த வேரில் ஒரு பகுதி வருடாவருடம் மண்ணுக்குள்ளேயே செத்து மட்கத் தொடங்கும். மட்கி முடிவதற்குள் குளிர்காலம் வந்துவிடும். மாதக்கணக்கில் மண் உறைந்து கிடக்கும், நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். கோடையின் கடைசியில் ஈரம் வற்றும்போது மறுபடி நிறுத்தம். வருடத்தில் இரண்டு முறை அடுப்பு அணைகிறது. பனியுகம் முடிந்ததிலிருந்து இப்படி மிச்சப்பட்டுச் சேர்ந்த மட்குதான் அந்தக் கறுப்பு. நல்ல செர்னோசெமில் மட்கு ஐந்தாறு சதவீதம் இருக்கும், சில இடங்களில் பத்தையும் தொடும்.

வீடியோவில் அந்தக் குழியின் சுவரை இன்னொரு முறை பாருங்கள். அடியில் இருக்கும் வெளிர்மஞ்சள் மண்ணில் வட்டவட்டமாகக் கறுப்புத் திட்டுகள் தெரியலாம். தரை அணில்களும் குருட்டெலிகளும் தோண்டிய வளைகளில் மேல்மண் விழுந்து அடைத்துக்கொண்டவை அவை. ரஷ்யர்கள் அதற்கு குரோத்தோவினா என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நிலத்தைக் கலப்பை வருவதற்கு முன்பே உழுதவை இந்தச் சின்ன உயிர்கள்.

உங்கள் புஞ்சையை உழுவது வெயிலும் மழையும். பங்குனி, சித்திரையில் எட்டயபுரம் பக்கம் ஒரு வெடிப்பில் தார்க்கம்பை இறக்கிப் பார்த்தேன், கைப்பிடி வரைக்கும் போயிற்று. காய்ந்து பொடிந்த மேல்மண் அந்த வெடிப்புக்குள் உதிர்கிறது. ஐப்பசி மழையில் களிமண் ஊதும்போது, உள்ளே விழுந்த மண்ணுக்கும் இடம் வேண்டுமே, அடிமண் பக்கவாட்டில் நெருக்கி மேலே தள்ளுகிறது. அப்படி மண்ணோடு மண் உரசிய இடத்தை ஒரு கிணற்று வெட்டில் தடவிப் பார்த்திருக்கிறேன். சாணை பிடித்த அரிவாள் போல வழவழப்பு, மேலே சாய்வாகக் கீறல்கள். மண்ணுக்குள் இப்படி ஒரு பளபளப்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கரிசலில் மரங்கள் குறைவாக இருப்பதற்கு, மழை போதாததோடு இதுவும் ஒரு காரணம். வருடாவருடம் வேரை இழுத்து அறுக்கிற மண்ணில் கருவேல் போல ஒருசிலதான் தாக்குப்பிடிக்கும்.

அந்தக் களியைச் சமைத்ததும் தட்பவெப்பம்தான். 700 மி.மீ.யை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மற்ற நாளெல்லாம் வெயில். பாறையைக் கரைக்க இந்த மழை போதும். கரைந்த சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் அடித்துக்கொண்டு போகப் போதாது. அவை தாழ்வான நிலத்தில் தங்கி, ஊதிச் சுருங்கும் களியாயின. மிஞ்சிய சுண்ணாம்புதான் உழும்போது காலில் குத்தும் சுக்கான் கல். மகளிடம் ஒரு கல்லைக் கொடுத்து, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள், நுரைப்பது தெரியும்.

முடிந்தால் அவளைச் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் கூட்டிப்போங்கள். மலைக்கு அந்தப் பக்கமும் இதே போன்ற பழைய பாறைகள்தான், மழை மட்டும் மூன்று நான்கு மடங்கு. அங்கே சுண்ணாம்பும் சிலிக்காவும் கழுவிப் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி மண் சிவந்து கிடக்கிறது. அதை வெட்டிக் காயவைத்து, செங்கல் மாதிரி அடுக்கி வீடு கட்டுகிறார்கள். மலப்புறத்து அங்காடிப்புரத்தில் அதைப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் எழுதிய பிறகுதான் லேட்டரைட் என்ற பெயரே வந்தது. அந்தச் சிவப்புக்கும் உங்கள் கறுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு மலைத்தொடரும் அது மறித்துக்கொண்ட மழையும்தான்.

சரி, கரிசல் ஏன் கறுப்பு? இங்கும் மட்குக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் அளவு மிகக் கொஞ்சம். களியோடு இறுகப் பிணைந்திருப்பதால் அந்தக் கொஞ்சமே மண் முழுவதையும் கறுப்பாக்கிவிடுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்கள் மட்கைத் தின்னும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அங்கே அணைகிற அடுப்பு, இங்கே கோடை வறட்சியில் கொஞ்சம் தணிகிறது, அவ்வளவுதான். உக்ரைனை வைத்து அளந்தால் உங்கள் மண் அப்பாவின் தாத்தா காலத்திலும் ஏழையாகத்தான் தெரிந்திருக்கும்.

இந்த மண்ணின் சொத்து அது பிடித்துவைக்கும் ஈரம். கார்த்திகையில் குடித்ததை வைத்துக்கொண்டு, தை, மாசியில் ஒரு தூறல்கூட இல்லாமல் கொத்தமல்லியையும் பருத்தியையும் கரையேற்றுகிறதே, பக்கத்துச் செவலில் மானாவாரியாக அது நடக்குமா? அப்பாவுக்கு இது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

உங்கள் பங்கு என்று சொன்னேன் அல்லவா. முன்பு ஆட்டுக்கிடை போட்டார்கள், வண்டி வண்டியாகக் குப்பை அடித்தார்கள், கண்மாய்க் கரம்பை கொண்டுவந்து பரப்பினார்கள். இப்போது பல புஞ்சைகளில் பருத்திமாரைக்கூடக் குவித்துக் கொளுத்துகிறார்கள். இதுவெல்லாம் கணக்கில் சேரும், எனக்கு வருத்தமும் இதில்தான். ஆனால் இது சரிசெய்யக்கூடிய பங்கு. 0.5-க்குக் கீழே என்றால் அட்டை 'குறைவு' என்று போடும். அந்த 0.5-ஐத் தாண்டுவது சில வருட உழைப்பில் எட்டும் தூரம்தான். அந்தச் சின்ன ஏற்றத்துக்கே மண் பொலபொலப்பதை அப்பா கையில் உணர்வார்.

உக்ரைன் அளவு எட்டாது. கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் மேலே உள்ள அரை அடி மண்ணே சுமார் 800 டன் இருக்கும். அதன் கரிமத்தை, ஐந்து சதவீத மட்குக்கு ஈடான 3 சதவீதத்துக்குக் கொண்டுபோக 20 டன்னுக்கு மேல் கரிமம் தங்க வேண்டும். போடுகிற எருவில் உள்ள கரிமத்திலும் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் காற்றோடு போய்விடும். இதை ஐந்து லிட்டர் கேனால் செய்யவே முடியாது. தயவுசெய்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளாமை எடுத்த பிறகு, பங்குனியில் நாலைந்து ராத்திரி கிடை அமர்த்த அது உதவும்.

அப்புறம், அந்த அட்டையை மறுபடி எடுங்கள். அதில் பொட்டாஷ் என்று ஒரு வரி இருக்கும். கரிசலில் அது பெரும்பாலும் 'அதிகம்' என்றே வரும், கரைந்து வந்ததை மழை அடித்துக்கொண்டு போகாததால். அப்பாவிடம் அந்த வரியையும் வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்.